வளர்ச்சிக்கான தொழில்நுட்ப ஆய்வு: காரைக்குடிக்கு அந்த உலக வட்டம் தேவையா?

செக்காலை_ரோடு
எங்கள் துறையில் நாலைந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். செல்போன், இணையம், டிஜிட்டல் பணம் இதெல்லாம் எளிய மக்கள் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று ஆராய உலக அளவில் ஒரு வட்டமே இருக்கிறது. ஐசிடிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பமும் வளர்ச்சியும்) என்ற அவர்கள் மாநாடு 2006-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கி, அடுத்த வருடம் பெங்களூரு, அப்புறம் தோஹா, லண்டன், கேப் டவுன், லாகூர், அகமதாபாத் என்று ஊர் ஊராகப் போனது. கணினிக்காரர்களும் பொருளாதாரம், மானுடவியல் படித்தவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நாமும் அதில் சேர வேண்டும் என்கிறேன் நான். துறையில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

தேவகோட்டை_ரஸ்தா
அந்தப் பாதிப் பேர் பக்கம்தான் நானும். தம்பி, திருப்பத்தூர் தாண்டிப் போனால் மேலூர். 2001-இல் அங்கே சாரி என்ற திட்டம் வந்தது. எம்ஐடி, ஹார்வர்டு, ஐஐடி மெட்ராஸ் எல்லாம் சேர்ந்தது. ஐஐடியின் கார்டெக்ட் வயர்லெஸ் மூலம் கிராமங்களுக்கு இணையம், கிராமத்திலேயே கியோஸ்க் என்ற ஒரு சின்னக் கணினி மையம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் கால் கடுக்க நிற்க வேண்டாம் என்றார்கள். ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறிப் போனதும் சான்றிதழ் வேலை படுத்துவிட்டது. வருமானம் இல்லாமல் கியோஸ்க்குகளும் ஒவ்வொன்றாக மூடின. கட்டுரை எழுதியவர்களுக்குப் பெயர் கிடைத்தது. கியோஸ்க் வைத்தவனுக்கு என்ன கிடைத்தது?

பள்ளத்தூர்_ஆச்சி
கியோஸ்க் மூடியது உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் எழுதி வைத்தார்கள்? அந்த வட்டத்து ஆட்கள்தானே! மைக்கேல் பெஸ்டும் ராஜேந்திர குமாரும் சாரி பற்றி 2008-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘தோல்விகள்’ என்ற வார்த்தை இருக்கிறது. சொந்தத் திட்டம் ஏன் தாக்குப்பிடிக்கவில்லை என்று நடத்துபவரே ஆராய்ந்து அச்சில் போட்டதை நம் பக்கத்தில் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? திறப்பு விழா போட்டோ மட்டும்தான் நமக்கு வாடிக்கை. நாற்பது வருடம் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், இந்தப் பழக்கத்துக்காகவே பிள்ளைகள் அங்கே போகலாம்.

தேவகோட்டை_ரஸ்தா
ஆச்சி, தோல்வியை எழுதியதற்கும் அவர்களுக்குத்தானே பெயர்!

மார்க்கெட்_ஸ்ட்ரீட்
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2007-இல் ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் கேரள மீனவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடலில் இருந்தபடியே போன் போட்டு எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். விற்காமல் கொட்டிய மத்தி இல்லாமல் போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. போன் கம்பெனி முதல் உலக வங்கி வரை இதைத்தான் மேடைக்கு மேடை சொன்னார்கள்.

2013 கேப் டவுன் மாநாட்டில் ஜானகி ஸ்ரீனிவாசன், ஜென்னா பர்ரெல் இருவரும் கேரளக் கடற்கரைக்குப் போய்வந்து, விஷயம் அவ்வளவு நேர்கோடு இல்லை என்றார்கள். ஏலம் போடுபவரிடம் மீனவர் பட்ட கடன், படகின் வகை, கரையில் இருக்கும் உறவுகள், எல்லாம் சேர்ந்துதான் யார் எங்கே விற்கிறார் என்று முடிவாகிறது. கையில் போன் இருந்தாலும் கடன் கொடுத்தவரை விட்டுவிட்டு எல்லோரும் வேறு கரைக்குப் போய்விட முடியாது. தன் வட்டம் கொண்டாடிய கட்டுரையை அதே வட்டத்து மேடையில் கேள்வி கேட்க இடம் இருந்தது. நான் சேரச் சொல்வது அதனால்தான்.

ஆத்தங்குடி_கல்
எங்கள் வீட்டுத் தொழில் டைல்ஸ். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணத்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வேலை. சூளை கிடையாது. ஆனாலும் கேள்வித்தாளில் ‘சூளை எரிபொருள் செலவு’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள் ஒரு முறை. வாட்ஸ்அப் உண்டா, யுபிஐ உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். கட்டுரை என்ன ஆனது, எங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

நிஜமாகக் கேட்க வேண்டியது வேறு. ஆர்டர் போனில் வருகிறது, சரி. அந்தப் போன் யார் கையில்? அச்சு பிடிக்கிறவர் கையிலா, இடையில் பேசி முடிக்கிறவர் கையிலா? மீனவர் கடன் என்று மேலே ஒருவர் எழுதினாரே, அந்தக் கேள்வியை இங்கே முன்பணம் வாங்கிய கூலிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

செக்காலை_ரோடு
அண்ணே, இதையே ஆய்வுக் கேள்வியாக எடுத்துக்கொள்ளலாமா?

தேவகோட்டை_ரஸ்தா
பார்த்தீர்களா, கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். :) ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது; 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அன்று நம் ஊர் முதல் போட்டு ஆராய்ச்சியைக் கூப்பிட்டது. இன்று கணக்கெடுப்பில் நம்மை ஒரு புள்ளியாகப் போடுகிறார்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி
சிக்ரி மின்வேதியியல். ஆய்வுக்கூடத்தில் நடக்கிற வேலை. மனிதர்களைப் பற்றிய ஆய்வோடு அதைச் சேர்த்துக் குழப்பாதீர்கள். முதல் போட்டவர்தான் கேள்வி கேட்கலாம் என்றால் அச்சு பிடிக்கிறவர் என்றைக்குக் கேட்பது?

தேனியையும் சொல்லிவிடுகிறேன். அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் கிராமத்து மையங்களுக்கும் இடையே பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் வைஃபை போட்டார்கள். சாதாரண வைஃபை ஒரு தகவலை அனுப்பிவிட்டு, ‘வந்தது’ என்ற பதிலுக்குக் கண் இமைக்கும் நேரம்கூடக் காத்திருக்காது. பல கிலோமீட்டர் தூரத்தில் பதில் பிந்தும். போகவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பி இணைப்பே திணறும். இருபக்கமும் முறை வைத்து அனுப்பும்படி மென்பொருளை மாற்றினார்கள். கிராமத்துப் பாட்டி மையத்தில் உட்கார்ந்தபடி டாக்டரிடம் திரையில் பேசினார்.

அப்புறம்தான் உண்மையான பிரச்சனை. நிலையில்லாத மின்சாரத்தில் கருவிகள் கெட்டன. பழுது பார்க்க உள்ளூரில் ஆள் வேண்டும். மின்சாரத்தைச் சமாளிப்பதும் உள்ளூர் ஊழியருக்குப் பயிற்சி கொடுப்பதும் வைஃபை போடுவதைவிடப் பெரிய வேலை என்று 2008-இல் அவர்களே எழுதினார்கள். மேலூருக்கும் தேனிக்கும் வித்தியாசம் என்ன? தேனியில் மருத்துவமனை முன்பே இருந்தது, வெளி ஆள் போனாலும் அது இருக்கும்.

தேவகோட்டை_ரஸ்தா
இது ஒத்துக்கொள்ளக்கூடிய வாதம். ஆனால் இது என் பக்கத்துக்குத்தான் பலம். உள்ளூரில் அமைப்பு முதலில், உலக வட்டம் பிறகு.

மார்க்கெட்_ஸ்ட்ரீட்
‘பிறகு’ என்றால் எப்போது? கட்டுரையைச் சோதிப்பவர்கள், நிதி, தொடர்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வெளியே நின்றால் கேள்வித்தாளைத் தயாரிப்பது மீண்டும் வேறு யாரோதான், அதில் சூளைக் கட்டமும் இருக்கும்.

தேவகோட்டை_ரஸ்தா
சரி, ஒரு நிபந்தனை. கட்டுரை மாநாட்டுக்குப் போவதற்கு முன் தமிழில் ஆத்தங்குடியில் வாசிக்க வேண்டும். யார் தவறு என்று சொன்னாலும் கட்டுரையிலேயே அதைப் போட வேண்டும்.

செக்காலை_ரோடு
அதைச் செய்ய எனக்குச் சம்மதம். ஆனால் ஆத்தங்குடியில் வாசித்ததற்கு முனைவர் பட்டத்தில் மதிப்பெண் கிடையாது. வழிகாட்டி ‘நேரம் வீண்’ என்பார்.

பள்ளத்தூர்_ஆச்சி
வழிகாட்டியை என்னிடம் அனுப்பு.

தேவகோட்டை_ரஸ்தா
இன்னும் என் மனம் மாறவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். நிபந்தனை நிபந்தனைதான்.

ஆத்தங்குடி_கல்
வாசிப்பதானால் சாயங்காலம் வேலை முடிந்து வாருங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், எங்கள் பட்டறையில் அன்று கூலி நாள், யார் காதும் உங்கள் பக்கம் இருக்காது. முன்பணம் பற்றிய பகுதியை முதலாளிகள் இல்லாத நேரத்தில் வாசியுங்கள். நானும் வெளியே போய்விடுகிறேன்.