புதுப்பிப்பு: தாம்பரம் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை

வாடகைக்கு விட 40 லட்சத்தில் ஒரு பழைய ஃப்ளாட், கையில் 8 லட்சம், முன்பணம் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொறுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வங்கிக் கடன் 80 சதவீதம்தான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் அதில் சேராது, அதுவே 3.60 லட்சம். ஆக, கடன் போக மீதி 8 லட்சத்தோடு சேர்த்துக் கையில் 11.60 லட்சம் வேண்டும்.

அதைவிட முக்கியம் வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று. 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்த வக்கீல், 2009 அடமானப் பதிவைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினார். கடனை எப்போதோ அடைத்துவிட்டார்களாம், ரத்து ரசீதுதான் பதிவாகவில்லை. விற்பவர் நல்ல மனிதர், "பார்த்துக்கலாம் தம்பி" என்கிறார். சரி, ரசீது பதிவாகிப் புதுச் சான்றில் அந்தப் பதிவு ஏறட்டும், அப்புறம் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். தாய்ப்பத்திரத்தின் (சொத்து முன்பு கைமாறியதைக் காட்டும் பழைய பத்திரம்) அசலையும் கேட்டிருக்கிறேன்.