மறு: மூளைக்காய்ச்சல் என்று எழுதினால் எந்த ஊசி?

வணக்கம்.

மெனின்ஜைட்டிஸுக்கு (meningitis) ‘மூளைக்காய்ச்சல்’ என்ற பழகிய சொல் இருக்கும்போது புதிதாக ஒரு தமிழ்ச்சொல் எதற்கு என்று நம் குழுவில் மதுரை ஐயா கேட்டிருந்தார். குடும்ப மருத்துவர்களுக்கான தடுப்பூசிக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்த நானும் போன மாதம் வரை அப்படித்தான் நினைத்தேன்.

நான் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். உம்ரா போகவிருந்த அம்மா ஒருவர் வந்தார், 60 வயதுக்கு மேல் இருக்கும். சவூதி போக மூளைக்காய்ச்சல் ஊசி போட வேண்டும் என்றேன். “அதான் போட்டாச்சே தம்பி” என்று கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டிய அட்டை. முன்பு ஊரில் ஆறு மாதம் தங்கப் போனபோது போட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிதான் அதில் இருந்தது. நான் சொல்ல வந்ததோ மெனின்ஜைட்டிஸ் ஊசி. அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் சொன்ன சொல்தான் தவறு. பயணத்துக்கு 12 நாள் இருந்தது. சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கே போட்டு அனுப்பினோம். அட்டையைப் பிரித்துப் பார்க்காமல் “சரிம்மா” என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் வேறு நோய். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசு கொண்டுவரும் வைரஸால் வருவது, மூளைத் திசுவையே தாக்கும். மெனின்ஜைட்டிஸில் வீங்குவது மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகள். அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான, சவூதிக்குப் போடும் ஊசி தடுக்கிற மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருமலிலும் எச்சிலிலும், நெருங்கிப் பழகுவோரிடம் தொற்றுகிறது. ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். சிகிச்சை கொடுத்தும் பத்தில் ஒருவராவது இறந்துபோகிறார், பிழைத்தவர் சிலருக்குக் காது கேட்காமல் போகிறது. இத்தனை வேறுபாட்டையும் ஒரே சொல்லில் மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மெனின்ஜைட்டிஸுக்குக் குழுவில் யாழ்ப்பாண டாக்டர் சொன்ன ‘மூளையுறை அழற்சி’ நல்ல சொல். ஆனால் ‘உறை’ ஏற்கெனவே நிறைய வேலை செய்கிறது. தலையணைக்கு உறை, கடிதத்துக்கு உறை, பாலுக்கும் உறை ஊற்றுகிறோம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கிருமிக்கே மேலே ஓர் உறை உண்டு. அந்த உறையின் சர்க்கரையிலிருந்துதான் ஊசி மருந்தே செய்கிறார்கள். ஒரே பத்தியில் மூளைக்கும் உறை, கிருமிக்கும் உறை என்றால் படிப்பவர் குழம்புவார். ‘சவ்வு’ அப்படியில்லை. “முட்டியில சவ்வு கிழிஞ்சிருச்சாம்”, “காதுச் சவ்வுல ஓட்டை” என்று நோயாளிகளே தினமும் சொல்கிறார்கள். ஆகவே நோய்க்கு ‘மூளைச்சவ்வு அழற்சி’, கிருமிக்கு ‘உறை’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அப்புறம், ஊசியின் பெயர். ‘மூளைச்சவ்வு அழற்சித் தடுப்பூசி’ என்றும் எழுதக் கூடாது. ஹிப், நிமோகாக்கஸ் கிருமிகளாலும் இதே நோய் வரும். அவ்விரண்டுக்கும் இங்கே தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் ஊசி உண்டு, மெனிங்கோகாக்கஸுக்கு இல்லை. மண்ணீரல் எடுக்கப்பட்டவர், ஹஜ், உம்ரா பயணிகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழக விடுதிக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோருக்கு மருத்துவர் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும். நோயின் பெயரை ஊசிக்கு வைத்தால், சின்ன வயதிலேயே எல்லாம் போட்டாயிற்று என்று பெற்றோர் நம்பிவிடுவார்கள். அதோடு, இந்தக் கிருமி சவ்வைத் தொடாமல் ரத்தத்திலேயே பரவி நஞ்சாவதும் உண்டு. அப்போது தோலில் வரும் செந்தடிப்பு, கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாது. அதனால் கிருமியின் பெயரை ஒலிபெயர்த்தே வைப்போம்: மெனிங்கோகாக்கஸ் ஏ-சி-டபிள்யூ-ஒய் தடுப்பூசி (அந்த நான்கு எழுத்தும் கிருமியின் நான்கு வகைகள்). அட்டையில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கும்.

கடைசியாக, ஊசியின் வகையைச் சொல்லும் ‘கான்ஜுகேட்’ (conjugate) என்ற சொல். ‘கூட்டுத் தடுப்பூசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஆறு நோய்க்கு ஒரே ஊசி என்கிறோமே, அதற்குத்தான் பொருந்தும். இங்கே நடப்பது வேறு. கிருமி உறையின் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாது, பெரியவர்களுக்கும் பலன் சீக்கிரம் தேய்ந்துவிடும். சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடல் அதை நினைவில் வைக்கிறது. சவூதி விதியிலும் வெறும் சர்க்கரை ஊசிக்கு 3 ஆண்டு, பிணைத்ததற்கு 5 ஆண்டு. 2001-ல் இங்கிருந்து ஹஜ் போனவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை ஊசி போட்டுப் போனவர்களில் சிலர் டபிள்யூ வகைக் கிருமியைத் தொண்டையில் சுமந்து திரும்பினார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கும் அது தொற்றியது. எந்த வகை ஊசி என்பது பேரப்பிள்ளையின் தொண்டை வரைக்கும் போகிற விஷயம்.

நான் ‘புரதப்பிணைப்புத் தடுப்பூசி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘இணைவு’ இன்னும் மென்மையாக இருக்கிறது, ஆனால் எதோடு எது இணைகிறது என்று அது சொல்லவில்லை. யாழ்ப்பாண டாக்டர், அங்கே உங்கள் தாதியர் இதை வாயால் எப்படிச் சொல்கிறார்கள்?