மறு: வெர்ஷனுக்குப் பதிப்பா, திருத்தமா, படியா?

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து வினாத்தாள் தயாரிப்பதற்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாலு பேர் ஒரே ஆவணத்தில் எழுதும்போது 14ஆம் வினாவை யார் மாற்றினார்கள், நேற்று அது எப்படி இருந்தது, பழையதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று ஒரு அத்தியாயம். கூகுள் டாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டும் வருகின்றன. வெர்ஷன் வந்த இடத்திலெல்லாம் பதிப்பு என்று போட்டுக்கொண்டே வந்தேன், "லிப்ரே ஆபீசின் புதிய பதிப்பில் ஆவணத்தின் பழைய பதிப்பைத் திறக்க" என்று ஒரு வாக்கியம் வந்து மாட்டிக்கொண்டது. படித்துப் பார்த்த ஆசிரியை, பழைய லிப்ரே ஆபீசை நிறுவச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார். மென்பொருளுக்கு ஒன்று, ஆவணத்துக்கு ஒன்று என இரண்டு சொல் வேண்டும். யார் எதை மாற்றினார்கள் என்று ஆவணத்திலேயே அடையாளமிட்டுக் காட்டும் டிராக் சேஞ்சஸுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

* * *

> இரண்டு சொல் வேண்டும்

ஏற்கெனவே இருக்கிறதே அக்கா. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு பக்கத்துக்கும் 'திருத்த வரலாறு' உண்டு, இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று பார்க்க 'வேறுபாடு' உண்டு. பதிப்பு என்றால் இது வெளியே போகலாம் என்று ஒருவர் முடிவு செய்து வெளியிட்டது. கூகுள் டாக்ஸோ நாம் கேட்காமலே சேமித்துக்கொண்டே போகிறது. ஒரு காற்புள்ளியை எடுத்ததற்கெல்லாம் பதிப்பு என்று பெயர் வைத்தால் பதிப்பாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

* * *

தம்பி, திருத்தம் என்றாலே முன்பு பிழை இருந்தது என்றாகிவிடுகிறது. நன்றாக இருந்த வினாவை ஒருவர் குழப்பி எழுதினால் அதுவும் திருத்தமா? மாற்றம் நல்லதா கெட்டதா என்று கணினிக்குத் தெரியாது, அதைச் சொல்லும் வேலையும் அதற்கு வேண்டாம்.

நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான இடம் இருக்கிறது. நன்னூல் 154: "தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம் மூன்றும் மொழிமூ விடத்து மாகும்." புதிதாக ஒன்று வருவது, ஒன்று இன்னொன்றாவது, ஒன்று இல்லாமல் போவது. பூ + கொடி பூங்கொடி ஆனபோது ங் தோன்றியது, பல் + பொடி பற்பொடி ஆனபோது ல் திரிந்தது, மரம் + வேர் மரவேர் ஆனபோது ம் கெட்டது. ஆவணத்தில் நடப்பதும் இந்த மூன்றுதான், நான்காவது கிடையாது. ஆகவே டிராக் சேஞ்சஸ் 'திரிபறிதல்', வெர்ஷன் 'திரிபு'.

* * *

ஐயா, இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாடு காட்ட 1970களில் வந்த யுனிக்ஸ் டிஃப் நிரலும் இதே மூன்றைத்தான் ஏ, சி, டி என்று மூன்று எழுத்தால் காட்டும்: சேர்த்தது, மாற்றியது, நீக்கியது. நன்னூலாரின் பட்டியல் அப்படியே பொருந்துவது கண்டு உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் திரையில் எப்படி வரும் என்று பாருங்கள். "உங்கள் ஆவணத்தில் 3 கெடுதல்கள் நிகழ்ந்துள்ளன." ஆசிரியர் மடிக்கணினியை மூடிவிட்டுப் பரிகாரம் கேட்கப் போய்விடுவார். திரிபு என்றால் கொரோனா காலத்து ஒமைக்ரான் திரிபுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

* * *

விகாரமே வடசொல். அதை விட்டுவிட்டுத் திரிபை மட்டும் எடுப்பது என்ன நியாயம் என்று யாராவது சொன்னால் தேவலை. அதுவும் போக, வெர்ஷன் என்பது மாற்றம் இல்லை, மாற்றம் முடிந்தபின் நிற்கும் முழு ஆவணம். இரண்டையும் ஒரு சொல்லில் அடைப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஏட்டுக்கு ஏடு பாடம் மாறும் இடங்களை உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதம் என்று குறித்தார். பேதம் வேறு, பிரதி வேறு. பிரதிக்கு நல்ல தமிழ் 'படி'. மூலப்படி, கைப்படி, அச்சுப்படி எல்லாம் வழக்கில் இருப்பவைதானே. என் ஓட்டு படிக்கு.

* * *

> என் ஓட்டு படிக்கு

அரசுப் பள்ளி ஆசிரியரிடம் "புதிய படி சேர்க்கப்பட்டது" என்று காட்டிப் பாருங்கள், அகவிலைப்படி உயர்ந்துவிட்டதென்று இனிப்பு வாங்கப் போவார். முந்தைய படி என்றால் முந்தைய ஸ்டெப். வெறும் படி என்று பொத்தானில் போட்டால் ரீட். "இந்தப் படியைப் படி" என்று எழுத யாருக்கும் மனசு வராது.

* * *

இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் கணனி என்று எழுதிப் பழகினவர்கள், கணினிக்கு மாறவே கனகாலம் எடுத்தது. சொல்லை விடக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது. லிப்ரே ஆபீசில் டிராக் சேஞ்சஸுக்குள் போனால் முதலில் இருப்பது ரெக்கோர்ட். அது ஒருவரையும் துரத்திப் பிடிப்பதில்லை, குறித்துத்தான் வைக்கிறது. பிறகு ஏற்பதும் மறுப்பதும் ஆளுடைய வேலை. 'மாற்றங்களைக் குறி' போதாதா? சுவடு என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும், ஓலைச்சுவடியின் வாசம் அதில் இருக்கு.

* * *

சுவடு, சுவடி இரண்டும் ஒரே வேரா என்று இப்போது தொடங்கவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். (ஒரே வேர் இல்லை என்பது என் கட்சி. தனி மடலில் எழுதுகிறேன்.)

* * *

> தனி மடலில் எழுதுகிறேன்

எனக்கும் ஒரு நகல்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று புதன், ஆகவே இப்படிச் செய்கிறேன். மென்பொருளுக்குப் பதிப்பு. ஆவணத்தில் தானாகச் சேமித்துக்கொண்டு போவதற்கு 'மாற்ற வரலாறு', அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் 'நிலை': நேற்று மாலை நிலை, தலைமையாசிரியர் பார்த்த நிலை என்று பெயரும் கொடுத்துக்கொள்ளலாம். டிராக் சேஞ்சஸுக்கு 'மாற்றங்களைக் குறி'. ரெஸ்டோருக்கு 'மீட்டெடு'. பழைய நிலையை மீட்டெடுத்தால் இடையில் செய்ததெல்லாம் அழிந்துவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். கூகுள் டாக்ஸில் அப்படி இல்லை, பழையது மேலே புதிதாக வந்து உட்காரும், நடுவில் உள்ளவை வரலாற்றில் அப்படியே இருக்கும். அதற்கு ஒரு வரி தனியாக எழுதிவிட்டேன்.

* * *

திருத்த வரலாறு என்றே போட்டிருக்கலாம், விக்கிப்பீடியாவில் பழகியவர்களுக்கு இனி இரண்டு சொல். பரவாயில்லை, +1.

* * *

+1. ஃபோனில் "மாற்ற வரலா..." என்று வெட்டுப்படுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

நிலை என்றால் ஸ்டேட்டஸ். 'ஆன்லைன் நிலை' என்று அதே திரையில் இன்னொன்று வருமே, அதற்கு என்ன செய்வதாக உத்தேசம்? நான் படி என்றுதான் எழுதுவேன்.