முழங்கால் தேய்மானத்துக்கு எண்ணெய் மசாஜ்: சர்க்கரையும் வார்ஃபரினும் இருந்தால்?

ஈசூன்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால்தான் மோசம். 15 வருஷமாகச் சர்க்கரை. இரவில் இன்சுலின் போடுகிறார். பாதத்தில் மதமதப்பு இருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாததால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். இங்கே சிங்கப்பூர் தேக்காவில் ஓர் இடத்தில் 10 தடவைக்கு 900 வெள்ளி பேக்கேஜ் சொல்கிறார்கள். "ரத்த ஓட்டம் சீராகும், நச்சு இறங்கும், தேய்ந்த எலும்பு ஊறும்" என்கிறார்கள். மசாஜால் உண்மையிலேயே பலன் உண்டா? எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது? வீட்டிலேயே நான் பிடித்துவிடலாமா?

தசைநார்:
எலும்பு ஊறும் என்பதை நம்ப வேண்டாம். முழங்காலில் தேய்வது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது, மேலே எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் அது வளராது. நச்சு இறங்குவதும் அப்படித்தான். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூட்டு வலிக்கும்போது அதைக் காக்கத் தொடைத் தசை இறுகிப் பிடித்துக்கொள்கிறது, அந்தப் பிடிப்பும் தனியாக வலிக்கும். நீவும்போது தோலிலிருந்து போகும் தொடு உணர்வு, தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கொஞ்சம் அமுக்கிவிடுகிறது. தசை தளர்கிறது, காலை விறைப்பு குறைகிறது, தூக்கம் நன்றாக வருகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு ஒழுங்கான தூக்கம் சின்ன விஷயம் இல்லை.

இதற்கும் மருந்துபோல அளவு உண்டு. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானக்காரர்களுக்கு ஸ்வீடிஷ் மசாஜை வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 60 நிமிடம் பெற்றவர்களுக்கு 8 வாரத்தில் வலி குறைந்தது. 30 நிமிடத்துக்கு அந்த அளவு பலன் இல்லை. வாரம் இரண்டு முறை போனதால் பெரிய கூடுதல் லாபமும் இல்லை. அதாவது வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம். அதே ஆட்களை 24ஆவது வாரத்தில் பார்த்தபோது வித்தியாசம் தங்கவில்லை.

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். பிடித்துவிட்ட சுகத்தோடு வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துவிட்டால் நாலு நாளில் பழைய வலி வந்துவிடும். வலி அடங்கியிருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடைத் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். முழங்காலைத் தாங்குவது அந்தத் தசைதான். மசாஜ் கதவைத் திறந்துவிடுகிறது என்று வையுங்கள், உள்ளே நடக்க வேண்டியது உங்கள் அம்மா.

பிடோக்_பிளாக்:
வீட்டில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை. ஐஎன்ஆர் அளவு (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) கூடியிருக்கும் வாரத்தில் காலைத் தொட வேண்டாம், லேசாக அழுத்தினாலே தசைக்குள் ரத்தம் கட்டலாம்.

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு காலுக்கு 2 தேக்கரண்டி போதும். சட்டியில் நேராகச் சூடாக்காதீர்கள். சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் 5 நிமிடம் வையுங்கள். சூட்டை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் பாருங்கள். அம்மாவின் பாதத்தில் விட்டுக் கேட்காதீர்கள். மதமதப்பு உள்ள பாதம் கொப்புளம் வரும் சூட்டையும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லும்.

அம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, காலை எதிர் நாற்காலியில் நீட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். மூட்டுக்கு ஆதரவு இல்லாமல் கால் தொங்கினால் தசை இறுகியே இருக்கும், எவ்வளவு நீவினாலும் தளராது. முழங்காலுக்கு மேலிருந்து இடுப்பை நோக்கி உள்ளங்கையால் மெதுவாக 10 முறை நீவுங்கள். பிறகு தொடையின் முன்பக்கத் தசையை இரண்டு கையாலும் சப்பாத்தி மாவு மாதிரி தூக்கித் தூக்கி 5 நிமிடம் பிசையுங்கள். வலி பெரும்பாலும் முழங்காலுக்கு நாலு விரல் மேலே, உள்பக்கமாக ஒளிந்திருக்கும். அங்கே கூடுதல் நேரம் கொடுக்கலாம். முழங்கால் சில்லைச் சுற்றி விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டம், 2 நிமிடம். சில்லை உள்ளே அமுக்கக் கூடாது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கை வைக்கவே வேண்டாம், ரத்தக் குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன.

அழுத்தம் எவ்வளவு? வலிக்குப் பத்து மார்க் என்றால் நாலைத் தாண்டக் கூடாது. முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்கினாலோ மூச்சைப் பிடித்தாலோ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் லேசாகத் தசை வலித்தால் கவலை இல்லை. நீலமாகக் கன்றினால் வார்ஃபரின்காரர்களுக்கு அது எச்சரிக்கை. முழங்கை, மரக்கட்டை, கப் வைத்து உறிஞ்சுவது எதுவும் அவருக்கு ஆகாது.

முடித்ததும், தசைநார் சொன்ன வேலை. சுருட்டிய துண்டை முழங்காலால் கீழே அழுத்தி 5 விநாடி பிடித்து விடுவது, 10 முறை. பிறகு கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 5 முறையில் தொடங்கி வாரா வாரம் ஒன்றிரண்டு கூட்டுங்கள். முதலில் பாதத்தில் ஒட்டிய எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு ஈரம் இல்லாமல் துடைத்து, பிடிப்புள்ள செருப்பைப் போட்டுவிடுங்கள். எண்ணெய்க் காலோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறை ஓட்டில் கால் வைத்தால் இடுப்பெலும்புதான் போகும்.

இன்னும் இரண்டு. இன்சுலினைத் தொடையில் போடுகிறாரா? போட்ட இடத்தை அதன்பிறகு தேய்த்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை சட்டென்று இறங்கும். மசாஜைப் பகலில் வையுங்கள், ஊசியை வயிற்றில் போடலாமா என்று தாதியிடம் கேளுங்கள். அடுத்தது, மாமாக் கடையில் வாங்கும் தைலக் குப்பியின் லேபிளைப் படியுங்கள். மெத்தில் சாலிசிலேட் என்று இருந்தால் வேண்டாம். அது தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும்.

செங்காங்_குமார்:
வெளியே போவதென்றால் யார் கையில் காலைக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். சுவரில் காவல்துறை கொடுத்த மசாஜ் நிலைய உரிமம் தொங்கும். அதற்குரிய சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. கடை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்கான உரிமம் அது, உள்ளே இருப்பவருக்கு முழங்கால் மருத்துவம் தெரியும் என்பதற்கான சான்றிதழ் ஆகாது. சீன மருத்துவத்தில் மருத்துவர்களையும் அக்குபங்சர் செய்பவர்களையும் மட்டுமே வாரியம் பதிவு செய்கிறது. துயினா எனும் சீன மசாஜ் மட்டும் செய்பவர் அந்தப் பட்டியலில் வர மாட்டார். ஆயுர்வேதத்துக்கு இங்கே சட்டப்படியான பதிவேடு இல்லை. இயன்மருத்துவர்களுக்கு (பிசியோதெரபிஸ்ட்) உண்டு, இணையத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

என் கருத்து: முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் பேசி இயன்மருத்துவருக்குப் பரிந்துரை வாங்குங்கள். பயிற்சியை அவர் அளந்து கொடுப்பார். மசாஜ் அதற்கு மேல் ஒரு துணை. நல்ல இடத்துக்கு அடையாளம் ஒன்றுதான்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். வார்ஃபரின் என்று சொன்ன பிறகும் "கொஞ்சம் மெதுவா பண்றோம், பணத்தைக் கட்டுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேக்கேஜ் வேண்டாம். முதலில் ஒரு தடவைக் காசு கொடுத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் 8 வாரம் தொடருங்கள். கட்டாயம் வாங்குவதானால் கேஸ்டிரஸ்ட் முத்திரை (பயனீட்டாளர் நம்பிக்கைக்கான அங்கீகாரம்) உள்ள கடையில் வாங்குங்கள். அங்கே 5 நாள் யோசிக்கும் அவகாசம் உண்டு, பயன்படுத்தாத பேக்கேஜைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம்.

தோபாயோ_தென்றல்:
பாதத்தில் மதமதப்பு என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். கீழே பூங்காவில் இருக்கும் கூழாங்கல் பாதையில் அம்மாவை வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள். மற்றவர்களுக்குச் சுகமாக இருக்கலாம். அவருக்குத் தோல் கிழிந்தாலும் தெரியாது, சர்க்கரைப் புண் அப்படித்தான் ஆரம்பிக்கும். குச்சி வைத்து அமுக்கும் பாத மசாஜும், சூடான மூலிகைக் கிழி ஒற்றடமும் இதே காரணத்தால் கூடாது. பிடித்துவிட்ட அன்று இரவு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்பா முடி வெட்டப் போனால் அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். தலையைப் பிடித்துவிடுவது வரைக்கும் சரி. கடைசியில் கன்னத்தைப் பிடித்துக் கழுத்தை "டக்"கென்று திருகிச் சொடுக்கு எடுப்பதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தெலும்பின் ஓட்டை வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உள்சுவர் அதில் கிழியலாம். அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும்.

ஈசூன்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. இன்சுலின் தொடையில்தான் போடுகிறார், நாளைக்கே கேட்கிறேன். இன்னொரு சந்தேகம்: போன வாரம்தான் திருச்சியிலிருந்து விமானத்தில் திரும்பினார். வலது கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. அதையும் சேர்த்து நீவலாமா?

தசைநார்:
தொடாதீர்கள். நீவவும் வேண்டாம், ஒற்றடமும் வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் உள் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போகலாம். வார்ஃபரின் சாப்பிடுவதால் வராது என்று நினைக்க வேண்டாம், பயணத்தில் மாத்திரை விட்டுப்போய் ஐஎன்ஆர் இறங்கியிருந்தால் வரலாம். தேய்மானக்காரர்களுக்கு முழங்காலுக்குப் பின்னால் நீர்ப்பை கட்டி, அது உடைந்தாலும் கெண்டைக்கால் இதேபோல வீங்கும். இரண்டையும் கையால் தொட்டுப் பிரித்தறிய முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். போகும்போது ஐஎன்ஆர் புத்தகத்தையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தெந்த நாள் மாத்திரை விட்டது என்றும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். நடுவில் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.