நவம்பர் தாண்டியும் துரத்தும் ஆண்மான்கள்: நீங்கள் கண்டது எப்போது?

பென்சில்வேனியாவிலிருந்து:

நவம்பர் மூன்றாவது வாரம் முடிந்ததும் மரத்தில் கட்டிய மான் வேட்டைப் பரணைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இங்கே நிறைய. வெண்வால் மானின் இணைசேரும் பருவம் அன்றோடு அடங்கிவிடுவதில்லை. அதே சமயம், "இரண்டாவது ரட்" (ரட் என்பது இணைசேரும் பருவம்) என்று டிசம்பரைப் பற்றிச் சிலர் அடித்துவிடும் கதைகளையும் நான் நம்புவதில்லை. நான் கண்டவரை அது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது. ஒரு பெண்மான் கூட்டத்தில் நடக்கும். அடுத்த தோட்டத்தில் ஒன்றும் இராது. அதனால் யார் எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று கேட்டு வைக்கலாம் என்று தோன்றியது. முதலில் என்னுடையது.

இங்கே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும். 1974 முதல் இருக்கிற ஏற்பாடு. கல் உரசித் தீப்பொறி விழுந்து, மருந்து பற்றி, அதன்பிறகுதான் குண்டு புறப்படும். தொலைநோக்கிக் கண்ணாடி கிடையாது. குளிரில் விரல் மரத்துப்போகும் இந்தப் பருவத்துக்கு வருகிறவர்கள் குறைவு. காடு அமைதியாக இருக்கும். எனக்கு இதுதான் பிடித்த பருவம்.

அறுவடையின்போது ஈரம் காயாததால் நிலத்துக்காரர் ஓரத்தில் ஒரு கீற்று மக்காச்சோளத்தை அப்படியே விட்டிருந்தார். கணுக்கால் அளவு பனி. மாலை நாலு மணிவாக்கில் பெரிய பெண்மான்கள் இரண்டும் அந்த ஆண்டுக் குட்டிகள் இரண்டும் காட்டை விட்டு வெளியே வந்து தட்டைகளுக்கிடையே மேய ஆரம்பித்தன. சற்றுப் பின்னால் ஓர் ஆண்மான். இடது கொம்பு ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வட்டமாகச் செந்தழும்பு. பின்னங்கால் முட்டியின் உட்புறத்து மயிர்க்கற்றை கறுத்து, அந்தக் கறை குளம்புவரை வழிந்திருந்தது. கழுத்தை முதுகின் மட்டத்துக்குத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு நடந்தது.

பெரிய பெண்மான்கள் இரண்டையும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் குட்டிகளில் ஒன்றின் பின்னால் போனது. அந்தக் குட்டி நின்று சிறுநீர் கழித்துவிட்டு நகர, ஆண்மான் பனியில் மூக்கை வைத்து முகர்ந்து, தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு அடித்தொண்டையில் விட்டுவிட்டு முனகியபடி துரத்தல் தொடங்கியது. குட்டிக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை போலும். தாயின் வயிற்றடியில் புகுந்துகொள்ளப் பார்த்தது. நூறு கெஜத்துக்குமேல் இருந்ததால் நான் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. இந்தத் துப்பாக்கியில் அறுபது கெஜம்தான் நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதன் கணக்கு எளிது. சினை பிடிக்காத மாடு மூன்று வாரத்தில் மறுபடியும் கத்தும் அல்லவா? வெண்வால் மானுக்கு அந்தச் சுழற்சி ஏறக்குறைய 28 நாள். நவம்பர் நடுவில் தவறியது டிசம்பர் நடுவில் மீண்டும் பருவத்துக்கு வரும். ஆனால் வயது வந்த பெண்மான் முதல் சுற்றில் தவறுவது அரிது. டிசம்பர் துரத்தலின் பெரும்பகுதி, நான் பார்த்ததுபோல, முதன்முறை பருவத்துக்கு வரும் ஆறேழு மாதக் குட்டிகளால் வருவது. எல்லாக் குட்டிகளும் வருவதில்லை. நன்றாகத் தின்று எடை கூடியவை மட்டுமே. சோளமும் சோயாவும் ஓக் கொட்டையும் கொழிக்கும் இடங்களில்தான் அதற்கு வாய்ப்பு.

இங்கே வனவிலங்குத் துறையினர் சாலையில் அடிபட்டுச் செத்த பெண்மான்களின் கருவை அளந்து, எந்த நாளில் கருத்தரித்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய மான்களுக்கு உச்சம் நவம்பர் நடு. குட்டிகள் அதற்குப் பின்னால். என் கண் சொன்னதும் அதுவே.

அயோவாவிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன அதே காட்சி எங்கள் பக்கம் இன்னும் சாதாரணம். சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம். குட்டிகள் டிசம்பருக்குள் எழுபது எண்பது பவுண்டைத் தொட்டுவிடும். எங்கள் தாமத வேட்டைப் பருவம் ஜனவரி 10 வரை இருப்பதால் அதை முழுதாகப் பார்க்க முடிகிறது.

ஒரு குறிப்பு மட்டும். செப்டம்பரில் மற்றக் குட்டிகள் எல்லாம் புள்ளி மாறி நிற்கும்போது, உடம்பெல்லாம் புள்ளியோடு சின்னதாக ஒன்று தாயோடு திரிந்தால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். டிசம்பரில் கருத்தரித்தது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் பிறக்கும். போன குளிர்காலத்தில் அந்த வயலில் தாமதமாக இணைசேர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நான் தானியங்கிக் கேமராவை வைக்கும் இடங்களை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

"இந்த வருஷம் ரட் தாமதம்" என்று நவம்பரில் எல்லோரும் புலம்புவார்கள். தாமதமில்லை. இணைசேரும் தேதியை நிர்ணயிப்பது பகலின் நீளம். அது வருடத்துக்கு வருடம் மாறாது. மாறுவது வெயில். குளிர்கால ரோமம் போர்த்திய மான் வெக்கையான பகலில் அசையாது. எல்லாம் இரவில் நடந்து முடிந்துவிடும். கேமராவில் நள்ளிரவு இரண்டு மணிக்குத் துரத்தல் பதிவாகியிருக்கும். பரணில் இருந்தவர் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்.

அலபாமாவிலிருந்து:

நீங்கள் இருவரும் ஜனவரியைத் தாமதம் என்கிறீர்கள். எங்களுக்கு ஜனவரிதான் பருவமே! மான்ட்கோமெரியைச் சுற்றியுள்ள கருமண் பகுதியில் நவம்பரில் பரணேறி உட்கார்ந்தால் அணில்தான் பார்க்கலாம். பொங்கல் கழிந்து ஒரு வாரம் போகட்டும், அப்போது வந்து பாருங்கள். பிப்ரவரி 10 வரை வேட்டைப் பருவம் திறந்திருப்பதும் அதனால்தான்.

வட மாநிலத்திலிருந்து வேலை மாற்றி வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. ஒரே சாதி மான். எப்படி இரண்டு மாத வித்தியாசம்? எங்கள் வேட்டைக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மான் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது. பிறகு வெவ்வேறு இடங்களிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். மாநிலத்தின் தென்மேற்கிலிருந்து பிடித்த மான்கள் பல மாவட்டங்களுக்குப் போயின. அவற்றின் வம்சம் ஜனவரியில் கூடும். வடக்கே பேங்க்ஹெட் வனத்தில் 1920களில் மிச்சிகன் மான்களை விட்டார்கள். அங்கே இன்றைக்கும் நவம்பரில் முடிந்துவிடுகிறது. நூறு ஆண்டு ஆகியும் பாட்டன் ஊர்க் காலண்டரை விடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் சில மணி நேரம் வண்டி ஓட்டினால் பருவம் முழுவதையும் இரண்டு முறை பார்க்கலாம். நான் அதைச் செய்வதுண்டு. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது வேறு கதை.

நான் கண்டதில் சிறந்தது ஜனவரி கடைசி வாரம், உச்சி வேளையில். பைன் நாற்று நட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டான தோப்பு. உள்ளே பத்தடிக்குமேல் தெரியாது. நடுவே மின்கம்பிக்காக வெட்டிய வெளி. சாப்பாட்டுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்மான் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டபடி வெளியைக் குறுக்கே கடந்தது. வால் ஒரு பக்கமாக விலகியிருந்தது. பின்னால் இளம் ஆண் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. நான் அசையவில்லை. இந்த ஊரில் முதலில் வருகிறவர்களை வழிவிட்டு அனுப்ப வேண்டும். சற்று நேரம் கழித்துப் பைன் கிளைகள் முறிகிற ஓசை. பெரிய ஆண்மான் ஒன்று. நான்கைந்து வயது இருக்கும், கழுத்து பருத்து, ஒரு காது நுனி கிழிந்து, புதிதாகச் சண்டையிட்ட இரத்தம் தோளில். அதற்கு நானும் தெரியவில்லை, உலகமும் தெரியவில்லை. முப்பது கெஜத்தில் நின்று மூக்கால் நிலத்தைத் தேடியது. குறி வைக்கப் போதிய நேரம் கொடுத்தது. அந்த இறைச்சி எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்குப் போயிற்று; மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் வாடை தெரியாது.

எனவே இங்கே பிறக்கும் குட்டிகள் ஆகஸ்ட் வெயிலில்தான் பிறக்கின்றன. இதுவே அதிகம் என்றால் புளோரிடாவைப் பாருங்கள்: தெற்கு முனையில் ஜூலை, ஆகஸ்டிலேயே இணைசேர்கிறது, வடமேற்குப் பகுதியில் பிப்ரவரியில்.

தெற்கு டெக்சாஸிலிருந்து:

எங்களுடையது உங்கள் இரண்டுக்கும் நடுவில். மெஸ்கீட் முட்காட்டில் உச்சம் டிசம்பர் மூன்றாவது, நான்காவது வாரங்களில். மற்றவர்கள் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கும்போது நாங்கள் கொம்பு மோதிக்கொண்டிருப்போம். உதிர்ந்த கொம்புகள் இரண்டைக் கையில் பிடித்து, ஆண்மான்கள் சண்டையிடுவதுபோல மோதி, அருகில் உள்ள புதரை ஆட்டி, சரளைக்கல்லைக் காலால் உதைக்க வேண்டும். இதைப் பற்றி நிறையப் பேர் கேலி பேசுகிறார்கள். இங்கே வந்து பார்த்தவர்கள் பேசுவதில்லை. ஆண்மான்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்து போட்டி இருந்தால் ஓடி வரும். பெண்மான்களே நிறைந்த காட்டில் நாள் முழுக்க மோதினாலும் வராது.

ஒரு விடியற்காலை, காற்றே இல்லாத குளிர். சப்பாத்திக் கள்ளிப் புதரின் நிழலில் உட்கார்ந்து மோதத் தொடங்கினேன். இரண்டாவது முறை கொம்பைப் பூட்டித் திருகும்போதே முட்களை உடைத்துக்கொண்டு ஒன்று வந்து நின்றது. நின்ற வேகத்தில் புழுதி என் காலணிமேல் விழுந்தது. முகத்தில் மூச்சுக்காற்றின் ஆவி, கண்ணின் வெள்ளை தெரிகிறது. என்னைக் காணாமல் எதிராளியைத் தேடியது. துப்பாக்கி மடியில் இருந்தது, எடுத்திருந்தால் ஓடியிருக்கும்.

இன்னொன்று. மத்திய டெக்சாஸ் மலைப்பாங்கான பகுதிக்குப் போனால் நம் ஊர்ப் புள்ளிமான் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. 1932இல் கொண்டுவந்து விட்டவற்றின் சந்ததி. அவற்றுக்குக் குறித்த பருவமே இல்லை. ஓர் ஆணுக்கு முற்றிய கொம்பு, பக்கத்திலேயே இன்னொன்றுக்கு வெல்வெட் போர்த்திய இளங்கொம்பு. கோடையில் அவற்றின் கூவல் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

சென்னையிலிருந்து:

வேட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே யாருக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஆனால் புள்ளிமான் பற்றி நண்பர் எழுதியது கிண்டி தேசியப் பூங்காவில் கண்ணெதிரே தெரிவது: முற்றிய கொம்பும் இளங்கொம்பும் ஒரே மந்தையில். கேள்வி ஒன்று. பௌர்ணமிக்கும் உங்கள் வெண்வால் மான் கூடுவதற்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். உண்மையா?

பென்சில்வேனியாவிலிருந்து:

நிலவைப் பற்றி இங்கே ஆளாளுக்கு அட்டவணை அச்சடித்து விற்கிறார்கள். கருவை அளந்து நாள் கணித்த ஆய்வுகளில் நிலவுக்கும் கருத்தரிப்புக்கும் தொடர்பு எதுவும் அகப்படவில்லை. பணத்தைக் குண்டும் மருந்தும் வாங்கச் செலவிடலாம்.

அலபாமா நண்பருக்கு: நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு தலைப்பில் "தாமதம்" என்று போடாமல் விட்டது நல்லதாயிற்று. ஊரைச் சொல்லாமல் தேதியை மட்டும் கேட்பதில் பொருளே இல்லை.

டிசம்பரில் என்னதான் செய்வது என்று தனியாகக் கேட்டவருக்கு: நவம்பரில் நிலத்தைக் குளம்பால் பறித்துக் கிளையை நக்கி அடையாளம் வைத்த இடங்களை மறந்துவிடுங்கள். இணைசேரும் பருவத்தில் ஆண்மான் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்திருக்கும். இப்போது அதற்கு முதல் கவலை வயிறு. பெண்மான்களும் குட்டிகளும் எங்கே தின்கின்றனவோ அங்கேயே அதுவும் வரும். ஒரு குட்டி பருவத்துக்கு வந்தால் தின்பதை விட்டுவிட்டுத் துரத்தும். ஆகவே மேய்ச்சல் இடம், மாலை வேளை, கடுங்குளிர் இறங்கும் நாள். குட்டிகளோடு வந்த கூட்டத்தில் அவசரப்பட்டுப் பெரிய பெண்மானைச் சுட்டுவிடாதீர்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பொறுத்துப் பாருங்கள். இரண்டு கொம்பும் உதிர்ந்த ஆணைப் பெண்மான் என்று எண்ணிச் சுடுகிற ஆபத்தும் இந்த மாதத்தில் உண்டு. நெற்றியில் தழும்பு இருக்கிறதா என்று கையில் வைத்திருக்கும் இருகண் நோக்கியில் பார்த்துவிட்டே விசையில் விரல் வையுங்கள்.

இந்த முறையும் நிலத்துக்காரர் சோளத்தை ஓரத்தில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். காற்று வடமேற்கிலிருந்து அடித்தால் 26ஆம் தேதி மாலை தென்கிழக்கு மூலையில் இருப்பேன். ஓஹியோவிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள் இன்னும் எழுதவில்லை. நாளையும் மாவட்டத்தையும் போட்டு எழுதுங்கள்.