சியோனா கருவோடு கழித்த முதல் இரவு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம். தட்டில் விரல் நீளத்துக்குக் கொழகொழவென்று ஒரு குழாய் கிடந்தது. அசிடியன் எனும் கடல் விலங்கு, அதில் சியோனா வகை. தொட்டதும் முகத்தில் தண்ணீரைப் பீச்சியது. முதுகெலும்பிகளுக்கு இவ்வளவு நெருங்கிய சொந்தம் இதுதான் என்றார்கள், நம்பவில்லை.

உடல் கண்ணாடி மாதிரி. முட்டைக் குழாயும், அதை ஒட்டி வெள்ளைக் கோடாக விந்துக் குழாயும் வெளியிலிருந்தே தெரிகின்றன. ஆனால் தன் விந்து தன் முட்டையில் பெரும்பாலும் பலிக்காது, எனவே இரண்டு சியோனா எடுத்தோம். காலை பத்து மணிக்குக் கலந்தோம், பதினொன்றுக்கு முட்டை இரண்டாகப் பிளந்தது. இரவு பத்து வாக்கில் வாலுக்குள் முதுகுநாண் (உடலைத் தாங்கும் தண்டு) செல்கள் காசு அடுக்கியது போல ஒற்றை வரிசையில் நின்றன. எண்ணினேன், 40. சந்தேகத்தில் பக்கத்துக் கருவையும் எண்ணினேன். அதிலும் 40! 1866-இல் ரஷ்யக் கருவியலாளர் கவலேவ்ஸ்கி இந்த நாணைப் பார்த்துத்தான் நமக்கும் இதற்குமான உறவைச் சொன்னார். விடியற்காலை நான்குக்கு லார்வா உறையை உடைத்து நீந்தியபோது என்னைத் தவிர அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

*

என் கதை இவ்வளவு அழகாக இல்லை. மின்துடிப்பு கொடுத்தால் நூற்றுக்கணக்கான முட்டைகளுக்குள் ஒரே தடவையில் டிஎன்ஏவைச் செலுத்தலாம். அதற்கு முதலில் முட்டையின் உறையை நீக்க வேண்டும். நீக்கினேன். நீக்கிய முட்டைகளை வெறும் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினேன். பாதி அடியில் ஒட்டிக்கொண்டது, நீர்ப்பரப்புக்கு வந்தவை காற்றுப் பட்டதும் வெடித்தன. தட்டில் அகார் பூச வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!

*

எனக்கு ஸ்டைலா என்ற இன்னொரு அசிடியனின் முட்டைதான் பிடித்தது. கருவுற்றதும் மஞ்சள் நிறம் ஒரு பக்கமாக ஓடி, பிறை போலப் படியும். அந்த மஞ்சள் போய்ச் சேரும் செல்களே வால் தசையாகின்றன. 1905-இல் அமெரிக்க உயிரியலாளர் கான்க்ளின் நுண்ணோக்கியில் தொடர்ந்து பார்த்து இதை வரைந்தார். தசையாவதைத் தீர்மானிக்கும் மாச்சோ-1 என்ற ஆர்என்ஏ வேறொரு அசிடியனில் பிடிபட்டது 2001-இல்தான்.

*

குட்டி சியோனாவின் இதயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கமாக அடித்துக்கொண்டே இருந்தது சட்டென்று நின்றுவிட்டது. கொன்றுவிட்டேன் என்று பதறி விளக்கை அணைக்கப் போனேன். அதற்குள் எதிர்த் திசையில் அடிக்கத் தொடங்கிவிட்டது. அதன் வழக்கமே அதுதானாம்.