கோலாலம்பூர், திருச்சி: போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா?

பட்டர்வொர்த்_வாசி:
போகும் விமானம் காலை 8.30க்குக் கிளம்பி 9.55க்குத் திருச்சி சேருது. திரும்பும்போது இரவு 10.30க்குக் கிளம்பி விடியற்காலை 4.55க்குக் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்). ஒரு பக்கம் 1.25 (1 மணி 25 நிமிடம்), மறுபக்கம் 6.25. இணையத்தில் தேடினால் மூன்றேகால் மணின்னு போடுறாங்க. எது சரி? இறங்குற அன்னிக்கே காலை 7.30க்குப் பினாங்கு விமானம் தனியா எடுத்தால் பிடிக்க முடியுமா?

செந்தூல்_கணக்கர்:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். போகும்போது அதைக் கூட்டுங்க, வரும்போது கழியுங்க, இரண்டுமே 3.55 வரும். நேர வித்தியாசம் தெரியாத ஊர் என்றாலும் வழி இருக்கு: 1.25ஐயும் 6.25ஐயும் கூட்டிப் பாதியாக்குங்க, அதே 3.55. பெரியதில் சின்னதைக் கழித்துப் பாதியாக்கினால் 2.30, அதுதான் நேர வித்தியாசம். காற்றால் சில நிமிடம் பிசகலாம்.

தேதியையும் பாருங்க. 4.55 என்பது மறுநாள். கூட்டிப்போக வருபவர்களிடம் கிளம்பும் தேதியைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான கோளாறு.

வான்வழி:
மூன்றேகால் மணி வெறும் வகுத்தல் கணக்கு. நேர்க்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2,690 கி.மீ., அதை மணிக்கு 830 கி.மீ.யால் வகுத்திருக்காங்க. அட்டவணை நேரம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாசலில் நிற்கும்வரை. ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் சேர்ந்து அரை மணிக்கு மேல் தின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே கீழைக்காற்று பலமா வீசும். போவது கொஞ்சம் சீக்கிரம், வருவது கொஞ்சம் தாமதம்.

திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையைவிடக் கிட்டன்னு நினைப்பாங்க. இல்லை. அது மேற்கே தள்ளி இருப்பதால் சென்னைதான் சுமார் 60 கி.மீ. குறைவு.

செந்தூல்_கணக்கர்:
7.30 வேண்டாம். தனி டிக்கெட் என்றால் பெட்டி பினாங்குவரை போகாது. குடிநுழைவு, பெட்டிக்குக் காத்திருப்பு, சுங்கம், மறுபடி கவுண்டர். கவுண்டர் மூடும் நேரத்தைக் கழித்தால் கையில் ஒன்றரை மணிதான். இரண்டு விமானமும் வேறு வேறு முனையம் என்றால் ரயில் 3 நிமிடம்தான், பெட்டி தள்ளி நடப்பதுதான் நேரம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போச்சு. நாலு மணி இடைவெளி விடுங்க, இல்லை ஒரே டிக்கெட்டாப் போடுங்க.

பட்டர்வொர்த்_வாசி:
நன்றி அண்ணே. விமானத்துக்குப் பதிலா ஈடிஎஸ் (கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயில்) எடுத்தால்?

வான்வழி:
உங்க ஊருக்கு அதுதான் தோது. முனையம் 1இலிருந்து கேஎல் சென்ட்ரல் (கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையம்) எக்ஸ்பிரஸ் ரயிலில் 28 நிமிடம், முனையம் 2 என்றால் 33. அங்கிருந்து பட்டர்வொர்த் நாலு மணிக்குச் சற்று மேல். விமானத்தில் போனால் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கிப் பாலம் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குத் திரும்பி வரணும். பள்ளி விடுமுறை, தீபாவளி நேரம் என்றால் ஈடிஎஸ் இருக்கையை முன்கூட்டியே எடுத்துவிடுங்க.